லப்டொப் கொம்பனியுடையது, வீடு என்னுடையது: வீட்டிலிருந்து வேலை செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம் ஒரு மாடியறையில் ஆறு பேராகத் தொடங்கிய தொழில் எங்களுடையது. வெளிநாட்டுக் கணக்காளர்களுக்குப் பற்றுச்சீட்டுகளைப் பதிவதும் சம்பளப் பட்டியல் தயாரிப்பதும் வேலை. இப்போது அந்த அறை இல்லை. ஒருவர் பரந்தனில், ஒருவர் மல்லாவியில், இருவர் புதுக்குடியிருப்பில் என்று அவரவர் வீட்டிலிருந்தே செய்கிறோம். அறிவியல் நகரிலும் வவுனியாவிலும் படித்து முடித்துவிட்டு இதே மாதிரி வேலைக்குப் போகும் பிள்ளைகள் என்னிடம் கேட்பவை திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான். சிறிய அளவில் ஆள் வைத்து நடத்துபவர்களும் கேட்கிறார்கள், சில பெற்றோரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லிக் களைத்துப்போய் இதை எழுதுகிறேன். நான் சட்டத்தரணி அல்லன். வழக்கு என்று வந்தால் சட்டத்தரணியிடம் போங்கள்.

1. தரவுப் பாதுகாப்பும் அந்தரங்கமும் ஒன்றுதானே அண்ணா, ஏன் இரண்டு பெயர்?

இரண்டும் வேறு. லண்டனில் ஒரு சிறிய உணவகம் இருக்கிறது என்று வையுங்கள். அங்கே தட்டுக் கழுவுபவரின் சம்பளம், வங்கிக் கணக்கு, வரி இலக்கம் எல்லாம் உங்கள் திரையில் வருகின்றன. அந்த மனிதரை நீங்கள் ஒருநாளும் காணப்போவதில்லை. அவருடைய விவரம் வெளியே போகாமல் பார்ப்பது தரவுப் பாதுகாப்பு. நீங்கள் எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், வீட்டுக்கு யார் வந்து போனார்கள், அம்மாவின் கிளினிக் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்பவை உங்கள் அந்தரங்கம்.

பல இடங்களில் ஒரே பூட்டு இரண்டையும் காக்கும். லப்டொப்பின் வன்தட்டைக் குறியாக்கம் செய்து (கடவுச்சொல் இல்லாமல் வாசிக்க முடியாதபடி பூட்டி) வைத்திருந்தால், பஸ்ஸில் அது களவுபோனாலும் தட்டுக் கழுவுபவரின் சம்பளமும் உங்கள் குடும்பப் படங்களும் சேர்ந்தே தப்பும். தரவுக்குப் போடவேண்டிய பூட்டைக் கொண்டுவந்து ஆளுக்குப் போடும்போதுதான் சண்டை தொடங்குகிறது. கீழே வரும் பதில்களில் பாதி அந்தச் சண்டையைப் பற்றியவை.

2. நிவாரணத்துக்கும் வீட்டுத்திட்டத்துக்கும் எல்லா விவரமும் எழுதிக் கொடுத்த ஆட்கள் நாங்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது?

இதைக் கேட்டவர் ஐம்பது வயது தாண்டிய ஓர் அக்கா. அவருக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. போரின்போதும் பின்னும் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றவர்கள், முகாமில் குடும்பமாக நிறுத்திப் படம் எடுக்கப்பட்டவர்கள், எந்த நிறுவனம் எதற்குக் கேட்கிறது என்று தெரியாமலே படிவத்துக்குமேல் படிவம் நிரப்பியவர்கள் எங்கள் ஆட்கள். கேட்டால் கொடுத்துவிடுவது பழகிப்போன கை இது.

ஆனால் வேறு வழியில்லாமல் கொடுத்ததைச் சம்மதம் என்று சொல்ல முடியாது, அன்று கொடுத்ததற்காக இன்றும் கொடுக்கவேண்டும் என்றும் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. அன்று கொடுத்தது உங்கள் சொந்த விவரம். இன்று உங்கள் கையில் இருப்பது முன்பின் தெரியாத ஒருவருடையது. படிவம் கொண்டுவந்தவரிடம் அன்று கேட்க முடியாமல் போன கேள்விகளை இன்று கொம்பனியிடம் கேளுங்கள்: எதற்கு, யார் பார்ப்பார்கள், எங்கே வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள். இந்த நான்கு கேள்விகளும் கீழே பலமுறை வரும்.

3. கொம்பனி தந்த லப்டொப்பில் அவர்களுக்கு என்னவெல்லாம் தெரியும்?

எல்லாம் தெரியும் என்று நினைத்துப் பாவிப்பதே நிம்மதி. ஆனாலும் இரண்டு வகை மென்பொருளைப் பிரித்தறிய வேண்டும். முதல் வகை, இயந்திரத்தை நிர்வகிப்பது. புதுப்பிப்புகளைப் போடும், குறியாக்கம் இருக்கிறதா என்று பார்க்கும், தொலைந்தால் தூரத்திலிருந்தே அழிக்கும். இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும். இரண்டாவது வகை, ஆளைக் கவனிப்பது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையைப் படம் பிடிக்கும், எந்தத் தளத்தில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று எண்ணும், சிலவற்றில் விசைப்பலகையில் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும் பதியும்.

விசைப் பதிவு இருக்கும் இயந்திரத்தில் உங்கள் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டினால் அதுவும் பதிவாகும். கொம்பனியின் விபிஎன் (உங்கள் இணையப் போக்குவரத்தை அவர்கள் வழியாகக் கொண்டுபோகும் பூட்டிய இணைப்பு) ஓடும்போது நீங்கள் போகும் தளங்களின் பெயர்கள் அவர்களுடைய பதிவேட்டில் விழலாம். அவர்கள் தங்கள் டிஜிட்டல் சான்றிதழ் ஒன்றை (எந்தத் தளத்தை நம்பலாம் என்று உலாவிக்குச் சொல்லும் கோப்பு) அந்த இயந்திரத்தில் நிறுவியிருந்தால், உலாவியில் பூட்டுக்குறி தெரிந்தாலும் பக்கத்தின் உள்ளடக்கத்தைக்கூடப் படிக்க முடியும். இவற்றில் எது இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டால் வாய்ப்பேச்சாகத்தான் பதில் வரும்.

4. வட்ஸ்அப் பூட்டியிருக்கிறது என்கிறார்களே, அதில் திறந்தால் என்ன?

வட்ஸ்அப்பின் பூட்டு வழியில் போகும் செய்திக்கு. உங்கள் திரையில் விரிந்தபிறகு அது திறந்த கடிதம். திரையைப் படம் பிடிக்கும் மென்பொருளுக்குக் குறியாக்கமும் தெரியாது, மச்சாள் அனுப்பியது என்றும் தெரியாது. தனிப்பட்ட வட்ஸ்அப்பைக் கொம்பனி லப்டொப்பில் திறக்கவே வேண்டாம்.

5. என் சொந்தத் தொலைபேசியில் கொம்பனிச் செயலியைப் போடச் சொல்கிறார்கள். படங்களையும் பார்ப்பார்களா?

எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அண்ட்ரொய்ட் தொலைபேசியில் வேலைக்கென்று தனிப் பிரிவு ஒன்றை உருவாக்க முடியும். அந்தப் பிரிவுச் செயலிகளில் சிறிய கைப்பெட்டிப் படம் ஒட்டியிருக்கும். அப்படிப் போட்டால், உங்கள் படங்கள், செய்திகள், சொந்தச் செயலிகள் எதுவும் கொம்பனிக்குத் தெரியாது. வேலையை விட்டால் அவர்கள் அழிப்பதும் அந்தப் பிரிவை மட்டுமே. வேலை முடிந்ததும் அதை நிறுத்திவைக்கவும் செய்யலாம். மறுநாள் காலைவரை அறிவிப்பு ஒன்றும் வராது.

முழுத் தொலைபேசியையும் நிர்வாகத்துக்குள் எடுக்கும் முறையும் இருக்கிறது. அது கொம்பனி வாங்கித் தந்த தொலைபேசிக்கு உரியது. உங்கள் காசில் வாங்கியதில் அதைப் போடச் சொன்னால், கைப்பெட்டிப் பிரிவு போதும் என்று சொல்லுங்கள். பாதுகாப்பில் அவர்களுக்கு ஒன்றும் குறையாது.

6. லப்டொப்பும் என்னுடையதுதான். தம்பி அதில்தான் உயர்தரப் பாடம் படிக்கிறான். என்ன செய்வது?

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு லப்டொப் இருப்பதே பெரிது, ஆகவே "தனி இயந்திரம் வாங்குங்கள்" என்று சொல்லப்போவதில்லை. விண்டோஸில் மூன்று கணக்கு உருவாக்குங்கள்: நிர்வாகிக் கணக்கு ஒன்று, உங்கள் வேலைக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. நிர்வாகிக் கடவுச்சொல் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். அவன் எங்கிருந்தோ இறக்கும் களவு விளையாட்டு மென்பொருள் அப்போது உங்கள் வேலைக் கோப்புகளுக்குள் எளிதில் நுழையாது.

வன்தட்டுக் குறியாக்கத்தையும் போட்டு, மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதி வீட்டு உறுதி வைத்திருக்கும் பெட்டிக்குள் வையுங்கள். லப்டொப் பையிலேயே அதை வைத்துக்கொண்டு திரிந்த ஒருவரை எனக்குத் தெரியும். இயன்றால் வேலைக் கோப்பு எதையும் இயந்திரத்தில் இறக்காமல், கொம்பனியின் தளத்துக்குள்ளேயே திறந்து அங்கேயே மூடும் முறையைக் கேளுங்கள்.

7. கொமினிக்கேஷன் கடையில் வேலைக் கோப்பைப் பிரின்ட் எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். என்னைக் கேட்டால், வன்னியில் தரவு கசியும் முதல் ஓட்டை இதுதான். எந்த வெளிநாட்டுக் கொம்பனியின் பாதுகாப்புக் கையேட்டிலும் இது இருக்காது.

ஒருமுறை அவசரத்துக்கு ஒரு கடையில் போய் உட்கார்ந்தேன். கடைக்காரத் தம்பி நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை. அவருடைய கணினித் திரையில் காலையிலிருந்து வந்தவர்களின் கோப்புகள் அப்படியே கிடந்தன. ஒருவரின் விவாகப் பதிவுச் சான்றிதழ், இன்னொருவரின் வங்கிக் கூற்று, யாரோ ஒரு பிள்ளையின் மருத்துவ அறிக்கை, ஒரு சம்பளப் பட்டியல். பட்டியலில் இருந்த பெயர்களில் இரண்டு எனக்குத் தெரிந்தவை. எல்லாம் கடையின் வட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்பப்பட்டு, இறங்கி, அச்சாகி, அழிக்கப்படாமல் இருந்தவை. பென் டிரைவ் கொண்டுபோவதும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். அது பத்துக் கடைக் கணினியின் வைரஸைச் சுமந்துகொண்டு உங்கள் வீட்டுக்குத் திரும்பும்.

சொந்தக் கடிதத்துக்குப் போனால், அச்சானதும் உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள்; மீள்சுழற்சித் தொட்டியிலிருந்தும்தான். அங்கே வட்ஸ்அப்பைத் திறந்திருந்தால் உங்கள் தொலைபேசியில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற இடத்துக்குப் போய் அந்தக் கணினியை வெளியேற்றுங்கள். லப்டொப் பழுதுபார்க்கும் கடைக்கும் இதே எச்சரிக்கை. குறியாக்கத்தைக் கழற்றி, கடவுச்சொல்லை ஒட்டுத்தாளில் எழுதி மூடியில் ஒட்டிக் கொடுக்கிறார்கள், பார்க்கப் பதறுகிறது.

8. பக்கத்து வீட்டு வைஃபையில் வேலை செய்கிறேன், மாதம் பாதிக் காசு கொடுக்கிறேன். ஆபத்தா?

பெரிய ஆபத்து என்று சொல்லமாட்டேன். இன்று பெரும்பாலான தளங்களுக்கும் உங்கள் இயந்திரத்துக்கும் இடையே போவது பூட்டியே போகிறது. கொம்பனி விபிஎன் இருந்தால் இன்னும் நல்லது. ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் தொழிற்சாலையில் வைத்தபடியே இருக்கும், அதை மாற்றச் சொல்லுங்கள். இடிமின்னல் மாதங்களில் ரவுட்டரைக் கழற்றிவைக்கவும் சொல்லுங்கள்.

9. எனக்குக் காய்ச்சல் என்றால் அக்கா என் பெயரில் உள்நுழைந்து வேலையை முடித்துவிடுவாள். குடும்பத்துக்குள்தானே?

வயலில் ஒருவருக்கு முடியாவிட்டால் இன்னொருவர் இறங்குவது எங்களுக்கு இயல்பு. கணினியில் அதற்கு வேறு பெயர். இலங்கையின் கணினிக் குற்றச் சட்டம், 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டம், அனுமதியில்லாமல் ஒரு கணினிக்குள் நுழைவதைக் குற்றமாக்குகிறது. உங்களை நம்பித் தந்த அணுகல் விவரத்தை உரிய அனுமதியின்றி இன்னொருவருக்கு வெளியிடுவதையும் தனிக் குற்றமாக்குகிறது. அக்கா என்ற உறவு அதில் விதிவிலக்கு அல்ல.

அக்காவும் நன்றாக வேலை செய்வாள் என்றால், அவளுக்கும் தனிக் கணக்குத் தரும்படி கொம்பனியிடம் கேளுங்கள். இப்படிக் கேட்டு இரண்டு பேருக்கும் வேலை கிடைத்த வீடு ஒன்று முள்ளியவளைப் பக்கம் இருக்கிறது. ஓடிபி (உள்நுழையும்போது கேட்கும் ஒருமுறைக் குறியீடு) அம்மாவின் தொலைபேசிக்கு வருவதும் இதே சிக்கலில் சேர்ந்தது. உங்கள் தொலைபேசியில் இயங்கும் குறியீட்டுச் செயலிக்கு மாறுங்கள்.

10. கமராவை நாள் முழுக்கத் திறந்து வைக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் இரண்டே அறைகள்.

நெதர்லாந்தில் ஓர் ஆளுக்கு இது நடந்தது. அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை செய்தவர் அவர். ஒரு நாளில் 9 மணித்தியாலம் கமராவின் முன் இருக்க முடியாது என்று மறுத்தார், வேலை போயிற்று. 2022 செப்டெம்பரில் அந்நாட்டு நீதிமன்றம் அந்தப் பணிநீக்கம் செல்லாது என்று கூறி, அவருக்குச் சுமார் 75,000 யூரோ கொடுக்க உத்தரவிட்டது. ஆளின் தனிவாழ்வில் அளவுமீறித் தலையிடுவது என்பது காரணம்.

மல்லாவியில் இருக்கும் உங்களுக்கு அந்தத் தீர்ப்பு நேரடியாக உதவாது. ஆனால் பேரம் பேச உதவும். கமரா தரவைப் பாதுகாப்பதில்லை. திரையை இன்னொருவர் எட்டிப் பார்க்கிறாரா என்பதுகூட அதில் ஒழுங்காகத் தெரியாது. அதில் தெரிவது கொடியில் காயும் உடுப்பு, பாயில் படுத்திருக்கும் அப்பம்மா, பள்ளிச் சீருடை மாற்றும் தங்கச்சி. அவர்கள் யாரும் கொம்பனியோடு ஒப்பந்தம் செய்தவர்கள் அல்லர். "என் வீட்டில் மற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் படம்பிடிக்க நான் சம்மதம் கொடுக்க முடியாது" என்று எழுதுங்கள். இந்த ஒரு வரிக்கு நான் பார்த்த அளவில் மறுபேச்சு வந்ததில்லை. கூட்டம் நடக்கும்போது கமரா போடுவது நியாயம். அதற்கு முதுகுப்பக்கம் சுவர் வருமாறு உட்காருங்கள்.

11. மின்வெட்டு வந்தால் "செயலற்ற நேரம்" என்று விழுகிறது. சம்பளத்தில் வெட்டுகிறார்கள்.

பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில் ஒரு வீட்டுமனை நிறுவனத்துக்கு 40,000 யூரோ அபராதம் விதித்தது. 3 முதல் 15 நிமிடம்வரை சுட்டியோ விசையோ அசையாவிட்டால் ஊழியர் வேலை செய்யவில்லை என்று அந்த நிறுவனத்தின் மென்பொருள் எழுதியது. திரையையும் அவ்வப்போது படம் பிடித்தது. தொலைபேசியில் பேசுவதும் கூட்டத்தில் இருப்பதும் வேலைதான், சுட்டி அசைவு வேலை நேரத்தை அளக்காது என்பது ஆணையத்தின் நிலைப்பாடு. பாரிஸில் கரண்ட் நின்றுபோவதைப் பற்றி அவர்கள் யோசித்திருக்கமாட்டார்கள். எங்களுக்கு அதுவும் சேரும்.

வெட்டு வந்த நேரத்தை ஒரு கொப்பியில் குறித்து, அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். மாத முடிவில் வாதாடப் போனால் நினைவு மட்டும்தான் மிஞ்சும். சுட்டியைத் தானாக அசைக்கும் கருவி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது ஏன் அதை அவர்கள் பக்கம் தள்ளிவிடுகிறீர்கள்?

12. இலங்கைச் சட்டத்தில் எங்களுக்கு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, அரைக் கதவு திறந்த நிலையில். எங்கள் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்க உரிமை என்று தனியாக ஒன்று எழுதப்படவில்லை. 2022 மார்ச்சில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், அவ்வாண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமாக, நிறைவேறியது. உங்கள் விவரத்தை எடுப்பவர் குறிப்பிட்ட நோக்கத்துக்கு மட்டும் எடுக்கவேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சி எடுக்கக்கூடாது, தேவை முடிந்தபின் வைத்திருக்கக்கூடாது என்கிறது. என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவும், பிழையைத் திருத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை தருகிறது. கைரேகை, முக அடையாளம், உடல்நலம், இனம், மதம் போன்றவை அதில் சிறப்பு வகை. கூடுதல் காவல் வேண்டியவை. சட்டம் நிறைவேறிய வடிவில் ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபாய்வரை தண்டப்பணம் விதிக்க இடமிருந்தது.

சட்டம் பகுதி பகுதியாகவே நடைமுறைக்கு வருகிறது. 2025 மார்ச்சில் அமுலாகவிருந்த முக்கியப் பகுதிகள் தள்ளிவைக்கப்பட்டன. ஆகவே இதை வைத்து நாளைக்கே வழக்குப் போடலாம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் கேள்வி 2 இல் சொன்ன நான்கு கேள்விகளையும் அநேகமாக அப்படியே இந்தச் சட்டமும் கேட்கிறது. கொம்பனியோடு பேசும்போது அதைச் சொன்னால் காது கொடுப்பார்கள்.

13. முதலாளி லண்டனில், நான் புதுக்குடியிருப்பில். எந்த நாட்டுச் சட்டம்?

2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுச் சட்டமான ஜிடிபிஆர், கொம்பனி எங்கே நிலைகொண்டிருக்கிறது என்று பார்க்கிறது. தரவு எந்த நாட்டில் கையாளப்படுகிறது, அது யாருடையது, அவர் எந்த நாட்டவர் என்பவை அதற்குத் தடையல்ல. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிந்துபோன பின்னும் ஏறக்குறைய அதே விதிகளையே வைத்திருக்கிறது. ஆகவே அங்குள்ள நிறுவனம் உங்கள் விவரத்தைச் சேர்க்கும்போது, "அவர் இலங்கையில் இருப்பவர்தானே" என்று கைகழுவ முடியாது. சுவிட்சர்லாந்தில் தொழிற்சட்டத்தின் கீழுள்ள ஒரு கட்டளை, ஊழியரின் நடத்தையைக் கண்காணிப்பதற்கென்றே அமைந்த கருவிகளைத் தடுக்கிறது. அது அங்கே வேலை செய்பவர்களுக்கு, உங்களுக்கு அல்ல.

ரொறன்ரோவில் உள்ள எங்கள் ஆட்களின் கொம்பனிக்குச் செய்பவர்களும் கேட்கிறார்கள். 25 பேருக்குக் குறைந்த இடம் என்றால் இந்தப் பேச்சே இல்லை. 25 பேரோ அதற்கு மேலோ இருந்தால், மின்னணுக் கண்காணிப்பு உண்டா, எப்படி என்பதை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஒக்டோபர் முதல் அந்த நகரம் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் விதி. அதுவும் அங்குள்ள ஊழியருக்கானது. ஆனால் அந்தத் தாள் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கும்; "எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்" என்று கேட்பதில் என்ன வெட்கம்?

14. ஒப்பந்தத்தில் "கண்காணிப்புக்குச் சம்மதம்" என்று இருந்தது, கையெழுத்து வைத்துவிட்டேன். இனிப் பேச இடமில்லையா?

இருக்கிறது. சம்பளம் கொடுப்பவர் கேட்கும்போது "மாட்டேன்" என்று சொல்லும் சுதந்திரம் ஊழியருக்குக் குறைவு. அதனால் ஐரோப்பிய ஒழுங்குமுறையாளர்கள் வேலைத்தலச் சம்மதத்தைப் பலவீனமான ஆதாரமாகவே பார்க்கிறார்கள். ருமேனியாவில் பார்புலெஸ்கு என்ற பொறியியலாளர் வேலைக்கென்று திறந்த யாகூ செய்திக் கணக்கில் சகோதரனோடும் மணக்கவிருந்த பெண்ணோடும் பேசினார். கொம்பனி அவற்றைப் படித்து அவரை நீக்கியது. தனிப்பட்ட பாவனை கூடாது என்ற விதி அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரும் அமர்வு 2017 செப்டெம்பர் 5 அன்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. செய்திகளின் உள்ளடக்கம்வரை படிக்கப்படும் என்று முன்கூட்டியே சொன்னார்களா, குறைவாகத் தலையிடும் வழி இருந்ததா என்பவற்றை அவருடைய நாட்டு நீதிமன்றங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்றது.

கையெழுத்து வைத்த தாளை எடுத்து வாசியுங்கள். "கண்காணிப்பு" என்று ஒரு சொல்தான் இருக்கிறதா, விளக்கம் இருக்கிறதா? ஒரு சொல்தான் என்றால் நான்கு கேள்விகளோடு திரும்பப் போங்கள்.

15. வேலை கிடைக்குமுன்னரே அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், கிராம அலுவலர் சான்றிதழ் எல்லாம் அனுப்பச் சொல்கிறார்கள்.

அனுப்பாதீர்கள். நேர்முகத்துக்குப் பெயரும் தகைமையும் போதும். நியமனக் கடிதம் வந்தபின் அடையாள அட்டைப் பிரதி கேட்டால், பிரதியின் குறுக்கே "இன்ன நிறுவனத்தின் வேலைக்கு மட்டும்" என்று எழுதித் திகதி போட்டு அனுப்புங்கள். எழுத்தின்மேல் மட்டும் எழுதாமல் படத்தின் ஓரத்தையும் தொட்டுப் போகட்டும்.

உங்கள் வங்கிக் கணக்குக்குக் காசு வரும், ஒரு பங்கை வைத்துக்கொண்டு மீதியை வேறு கணக்குக்கு மாற்றவேண்டும் என்று சொன்னால் அது வேலை அல்ல, மோசடிக் காசைக் கைமாற்றும் தொழில். பொலிஸ் முதலில் வந்து நிற்பது உங்கள் படலையடியில்.

16. நான் ஐந்து பிள்ளைகளை வைத்து நடத்துகிறேன் அண்ணா. வாடிக்கையாளர் திரையைப் படம் பிடிக்கும் மென்பொருள் போட்டே ஆகவேண்டும் என்கிறார். இல்லாவிட்டால் வேலை போய்விடும்.

தங்கச்சி, நான் போட்டேன். அதனால்தான் சொல்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒரு படம், ஆறு பேர், ஒரு மாதம். ஒருநாள் மாலையில் படங்களைப் புரட்டினேன். ஒரு பிள்ளை இடைவேளையில் ஒரு கடிதம் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள், காணாமல்போன தகப்பனைப் பற்றி. பாதி எழுதிய கடிதம், திகதியோடு என் திரையில். அவள் என்னிடம் ஒருபோதும் சொல்லாத விடயம் அது. மறுநாள் கூட்டத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

அதே மாலையில்தான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. மற்றப் படங்கள் எல்லாவற்றிலும் வாடிக்கையாளரின் சம்பளப் பட்டியல்கள் தெளிவாகத் தெரிந்தன. ஒரே இடத்தில் பூட்டி வைத்திருந்த தரவை நானே ஆயிரக்கணக்கான படங்களாக்கி, எங்கோ உள்ள மென்பொருள்காரரின் கிடங்கில் கொட்டியிருந்தேன். அந்தக் கிடங்கின் கடவுச்சொல் எங்கள் மூன்று பேருக்குத் தெரியும். பாதுகாப்புக்காகச் செய்த வேலை பாதுகாப்பில் புதிய ஓட்டை. பெரிய இடங்களிலும் இது நடக்கும். எச் அண்ட் எம் ஆடை நிறுவனத்தின் நியூரம்பேர்க் நிலையத்தில் மேலாளர்கள் ஊழியரின் நோய், விடுமுறை, குடும்பக் கதைகளைக் குறித்துச் சேர்த்து வைத்திருந்தார்கள். 2019 இல் ஓர் அமைப்புப் பிழையால் அது நிறுவனம் முழுவதற்கும் சில மணித்தியாலம் திறந்து கிடந்தது. 2020 இல் விழுந்த அபராதம் 35.3 மில்லியன் யூரோ.

வாடிக்கையாளரிடம் "முடியாது" என்று மட்டும் சொன்னால் வேலை போகும்தான். வேறொன்றை முன்னே வையுங்கள். ஒவ்வொருவருக்கும் தேவையான கோப்புக்கு மட்டும் அனுமதி. யார் எந்தக் கோப்பை எப்போது திறந்தார், இறக்கினார் என்ற பதிவேடு. இது கோப்பின் பக்கம் இருப்பது, ஆளின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்காது. பென் டிரைவ் செருகினால் வேலை செய்யாத அமைப்பு. இரண்டு படி உள்நுழைவு. விலகுபவரின் கணக்கு அன்றைக்கே மூடப்படும் என்ற உறுதி. நான் இதை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். வாடிக்கையாளர் இரண்டு கேள்வி கேட்டார், பிறகு ஒத்துக்கொண்டார். அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது தன் வாடிக்கையாளரிடம் காட்ட ஒரு தாள்.

17. அப்படியென்றால் ஒருவர் தரவை விற்கிறார் என்று சந்தேகம் வந்தாலும் பார்க்கக்கூடாதா?

பார்க்கலாம். அந்த ஒருவரின் அணுகல் பதிவை, அந்தக் கோப்புகளுக்கு, குறிப்பிட்ட நாட்களுக்கு. இப்படி ஒரு சோதனை நடக்கக்கூடும் என்று முன்பே எல்லோருக்கும் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒருவர்மீது வந்த சந்தேகத்துக்காக ஆறு வீட்டுக்குள் கமரா வைப்பதைத்தான் கூடாது என்கிறேன்.

18. பிழையான ஆளுக்குச் சம்பளப் பட்டியலை அனுப்பிவிட்டேன். சொன்னால் வேலை போகுமா?

உடனே சொல்லுங்கள், அந்த மணித்தியாலத்திலேயே. ஜிடிபிஆர் விதிப்படி, தரவுக்குப் பொறுப்பான நிறுவனம் கசிவை அறிந்து 72 மணித்தியாலத்துக்குள் ஒழுங்குமுறையாளருக்கு அறிவிக்க வேண்டியிருக்கலாம். நீங்கள் இரண்டு நாள் பயந்துகொண்டிருந்தால் அவர்களுடைய வேலை அந்தளவுக்கு நெருக்கடியாகும். என்ன போனது, யாருக்கு, எத்தனை மணிக்கு என்று மூன்று வரி போதும். மன்னிப்புக் கடிதம் பிறகு எழுதலாம்.

நடத்துபவர்களுக்கு: முதல் பிழைக்கே ஆளைத் துரத்தினால், இரண்டாவது பிழையை உங்களுக்கு யாரும் சொல்லமாட்டார்கள்.

19. வேலையை விட்டு விலகும்போது என்ன கேட்க வேண்டும்?

லப்டொப்பைத் திருப்பிக் கொடுக்குமுன் அதில் தவறிப் போட்ட சொந்தக் கோப்புகளை எடுத்துவிடுங்கள். வேலைக் கோப்பு ஒன்றையும் எடுக்காதீர்கள், "மாதிரிக்கு" என்றும் வேண்டாம். உங்கள் அடையாள அட்டைப் பிரதி, திரையைப் பிடித்த படங்கள், கமராப் பதிவுகள் எப்போது அழிக்கப்படும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் கைப்பெட்டிப் பிரிவு இருந்தால் (கேள்வி 5) அது போய்விட்டதா என்று பாருங்கள்.

20. என் மகள் வேலை நேரத்தில் அறைக்குள் யாரையும் விடுகிறாள் இல்லை. தகப்பன் நான், என்ன செய்கிறாள் என்று பார்க்கக்கூடாதா?

இதைக் கேட்டவர் பரந்தன் பக்கத்து ஐயா ஒருவர். கோபமாக வந்தார். அவருக்கு இந்தப் பக்கத்தின் முதல் பதிலைத்தான் சொன்னேன். திரையில் இருப்பது லண்டனில் யாரோ ஒருவரின் சம்பளம், அதை வீட்டாரும் பார்க்கக்கூடாது என்று அவள் கையெழுத்து வைத்திருக்கிறாள். ஐயா கொஞ்சநேரம் யோசித்தார். தான் முன்பு சங்கக் கடையில் கணக்கெழுதியதாகவும், கணக்குப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவர விட்டதில்லை என்றும் சொன்னார்.

வீட்டில் அந்த அறைக்குக் கதவு இல்லை, சேலையொன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மேசையைத் திருப்பி, திரை சுவரைப் பார்க்கும்படி போடச் சொன்னேன். காதுக்கருவி ஒன்று வாங்கச் சொன்னேன். கதவும் போடுகிறேன் என்றார். இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசி எடுத்தார்: தச்சன் வந்து நிற்கிறான், கொண்டியை எந்தப் பக்கம் போடுவது?

உள்பக்கம் என்றேன்.